நாற்பத்தொன்றில் ஒன்று

ஓர் ஆசிரியரின் நூல்கள் அனைத்தையும் விரும்பிப் படித்த அன்பரிடம் சென்று, "இவற்றுள் உமக்கு மிகவும் பிடித்தது எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் ஐந்தாறு நூல்கள் எழுதியவராயின் அவர் சிறிது சிந்தித்து விடை கூறிவிடுவார். ஒரே கற்பனை உலகைக் களமாகக் கொண்டு 41 நாவல்கள் எழுதியவராயின், முதலில் புன்னகை செய்வார். பிறகு ஒரு பெயரைச் சொல்வார். நாம் விடைபெற்று வாயிலைத் தாண்டுமுன் திரும்ப அழைத்து, "இல்லை, இல்லை" என்று வேறொரு பெயரைச் சொல்வார். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் வாசகர்கள் இத்தகையோர். நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. ஆயினும் இன்று வாயிலிலிருந்து திரும்ப அழைக்காமல் ஒரே விடை கூறுவது என்று துணிந்திருக்கிறோம். அவ்விடைக்கு எவ்வழியே வந்தோம் என்பதையும் நேயர்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

பிராட்செட் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இங்கிலாந்தில் பீக்கன்ஸ்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தமக்குக் கல்வி புகட்டியது அவ்வூர்ப் பொது நூலகமே என்று அவர் நன்றியுடன் கூறுவது வழக்கம். 1965இல் பள்ளிப் படிப்பை இடையில் விட்டு உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் நிருபராகச் சேர்ந்தார். முதல் நாவல் 1971இல் வெளிவந்தது. பின்னர் மின்சார உற்பத்தி வாரியத்தின் செய்தித் தொடர்பு அலுவலராகப் பணி புரிந்தார். அணுமின் நிலையங்களைப் பற்றிப் பத்திரிகைகள் கேட்கும் கேள்விகளுக்கு விடையளிப்பது அவர் கடமைகளுள் ஒன்று. அலுவலகம் விட்டு வந்த மாலை வேளைகளில் எழுதினார். 1987இல் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். 2009ஆம் ஆண்டில் அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது.

அவர் படைத்த உலகின் பெயர் ‘டிஸ்க்வேர்ல்ட்’. தட்டு உலகம் என்று நாம் தமிழில் கூறலாம். வட்டத் தட்டுப் போன்ற அவ்வுலகம் நான்கு யானைகளின் முதுகின்மீது அமைந்துள்ளது. அந்த யானைகள் விண்வெளியில் நீந்திச் செல்லும் மாபெரும் ஆமை ஒன்றின் ஓட்டின்மேல் நிற்கின்றன. மந்தர மலையைத் தாங்கிய கூர்மத்தையும், திசைகளைத் தாங்கும் யானைகளையும் கதைகளில் கேட்டு வளர்ந்த நமக்கு இது அயலாகத் தோன்றுவதில்லை. உலகைத் தாங்கும் ஆமை என்னும் பழங்கருத்து பல நாட்டார் கதைகளில் உண்டு. நம் நாட்டுக் கதைகள் அவற்றுள் முதன்மையானவை. ஆசிரியர் அப்பழம் பொருளை எடுத்துக்கொண்டு, அதன்மேல் நம்முடைய நகரங்களைப் போன்ற ஒரு நகரத்தையே கட்டினார். அங்கே மந்திரவாதிகள் உண்டு. அவர்கள் நடத்தும் பல்கலைக்கழகமும், அங்கு வேளை தவறாது நடக்கும் விருந்தும் உண்டு. திருடர்கள் உண்டு, அவர்கள் சங்கம் அமைத்து, திருடிய பொருளுக்கு முறையாக இரசீது கொடுக்கிறார்கள்.

இவ்வுலகைப் பற்றிய முதல் நாவல் 1983இலும், இறுதி நாவல் 2015இலும் வெளிவந்தன. இடைப்பட்ட 32 ஆண்டுகளில் கதைகள் பல கிளைகளாகப் பிரிந்தன. கோழை மந்திரவாதி ஒருவனைப் பற்றியவை சில; மலைநாட்டுச் சூனியக்காரிகளைப் பற்றியவை சில; நகரக் காவலர்களைப் பற்றியவை சில; எலும்புருவாய் வரும் மரணதேவனைப் பற்றியவை சில. ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி அன்பர் கூட்டம் உண்டு. 2003இல் பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனமான பி.பி.சி. மக்கள் மிகவும் நேசிக்கும் நாவல் எது என்று வாக்கெடுப்பு நடத்தியது. முதல் 100 இடங்களில் பிராட்செட்டின் நூல்கள் 5 இடம் பெற்றன. சார்லஸ் டிக்கன்ஸுக்கும் 5 இடங்கள் கிடைத்தன. முதல் 200இல் 15 இடங்களைப் பிராட்செட்டே பெற்றார். வேறெந்த ஆசிரியருக்கும் அத்தனை கிட்டவில்லை. ஆயினும் அவருடைய நூல் ஒன்றேனும் முதல் 50இல் வரவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அன்பர்களின் நிலை தெளிவாகும். ஆசிரியரைப் பற்றி அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. நூலைப் பற்றியே இருந்தது. அன்பு பலவாறாகப் பங்கிடப்பட்டுவிட்டது.

இந்நிலையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அளவுகோல் வேண்டும். நாம் மூன்று சோதனைகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது: இவ்வாசிரியரின் வேறெந்த நூலையும் படியாத ஒருவர் கையில் இதைக் கொடுத்தால் அவர் முழுவதும் நுகர முடியுமா? இரண்டாவது: சிரிப்பும் பொருளும் இதில் ஒன்றாய் இருக்கின்றனவா, அன்றிச் சிரிப்பு மேற்பூச்சுத்தானா? பூச்சாயின் அதைச் சுரண்டி எடுத்துவிட்டும் கதையைச் சொல்லிவிடலாம். மூன்றாவது: புத்தகத்தை மூடிய மறுநாள் காலையில், நாம் செய்யும் செயலில் அது ஏதேனும் மாற்றத்தை உண்டாக்குமா? நகைச்சுவை ஆசிரியரிடம் மூன்றாவதை எதிர்பார்ப்பது மிகை என்று சிலர் கருதலாம். பிராட்செட்டின் நூல்கள் அந்த எதிர்பார்ப்பைத் தாங்கக்கூடியவை என்பது எமது துணிபு.

முதலில் 1983இல் வந்த ‘மந்திரத்தின் நிறம்’ என்னும் பொருள்படும் முதல் நாவலைப் பார்ப்போம். தட்டு உலகுக்கு வந்த முதல் சுற்றுலாப் பயணியின் கதை இது. அவன் காப்புறுதி அலுவலகத்தில் குமாஸ்தா. தீவிபத்துக் காப்புறுதி என்றால் என்ன என்பதை அவன் ஒரு விடுதிக்காரருக்கு விளக்குகிறான். விடுதிக்காரர் கணக்கிட்டுப் பார்க்கிறார். விரைவில் நகரமே பற்றி எரிகிறது. வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் இந்நூலின் வேடிக்கைகள் பலவும் அக்காலத்து வாள்வீரக் கற்பனைக் கதைகளை நையாண்டி செய்பவை. அக்கதைகளைப் படியாதவருக்குப் பாதிச் சுவைதான் கிட்டும். ஆசிரியர் இன்னும் பிற நூல்களைப் பார்த்துச் சிரிக்கிறார். மனிதரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கவில்லை.

1987இல் வந்த ‘மோர்ட்’ அத்தொடக்கத்தைச் செய்தது. மரணதேவன் தொழில் பழக ஒரு சிறுவனை வேலைக்கு அமர்த்துகிறான். சிறுவனிடம் பணியை ஒப்படைத்துவிட்டு, மனிதர்கள் மகிழ்ச்சி என்று எதைச் சொல்கிறார்கள் என்று அறிய நகரத்துக்குச் செல்கிறான். நடனமாடிப் பார்க்கிறான், குடித்துப் பார்க்கிறான், இறுதியில் சிறிய உணவு விடுதி ஒன்றில் சமையற்காரனாக அமர்ந்து நிறைவு காண்கிறான். சிரிப்பும் பொருளும் இதில் ஒன்றே. மரணத்தைக் கண்டு அஞ்சுவோருக்கு இந்நூல் ஆறுதலும் தரும். ஆனால் நம்மிடம் எதையும் அது கேட்பதில்லை. மூன்றாம் சோதனையில் ‘மோர்ட்’ பாதி வழியில் நின்றுவிடுகிறது.

நகரக் காவலர் கதைகளின் தலைவன் சாம் வைம்ஸ். சேரியில் பிறந்து காவற்படைத் தலைவனாக உயர்ந்தவன். 1993இல் வந்த நாவலில் அவன் செய்யும் காலணிக் கணக்கு உலகப் புகழ் பெற்றது. நல்ல தோற்காலணி ஒரு ஜோடி 50 டாலர். அது பத்தாண்டு உழைக்கும். மட்டமானது 10 டாலர்; ஓரிரு பருவத்தில் கிழிந்துவிடும். மாதம் 38 டாலர் ஊதியம் பெறுபவன் ஒரே முறையில் 50 டாலர் கொடுப்பது எங்ஙனம்? அவன் மட்டமானதையே மீண்டும் மீண்டும் வாங்குகிறான். பத்தாண்டில் 100 டாலர் செலவழித்தும் அவன் கால்கள் ஈரத்திலேயே கிடக்கின்றன. செல்வன் செல்வனாகவே இருப்பதற்கு அவன் குறைவாகச் செலவு செய்ய முடிவதே காரணம் என்பது வைம்ஸ் கண்ட முடிவு. 2022இல் பிரிட்டனில், ஏழை மக்கள் வாங்கும் மலிவுப் பண்டங்களின் விலையேற்றத்தைத் தனியாகக் கணக்கிட ஒரு குறியீடு அமைக்கும் முயற்சி எழுந்தபோது, அதற்கு வைம்ஸின் பெயரும் அவன் காலணியின் பெயருமே சூட்டப்பட்டன.

அந்த வைம்ஸின் கதைகளுள் தலையாயது 2002இல் வந்த ‘இரவுக் காவல்’. கொலைகாரன் ஒருவனைத் துரத்திச் சென்ற வைம்ஸ் 30 ஆண்டுகள் பின்னோக்கி எறியப்படுகிறான். அங்கே அனுபவமற்ற இளங்காவலனாக இருக்கும் தன்னையே சந்தித்து, அவனுக்கு நேர்மையைக் கற்றுக்கொடுக்க வேண்டியவனாகிறான். நகரில் கிளர்ச்சி மூளுகிறது. அதில் யார் யார் இறப்பார் என்பதும் அவனுக்குத் தெரியும். அன்பர்களுள் பலர் இந்நூலுக்கே முதலிடம் தருவர். கதையில் வரும் கிளர்ச்சியின் நினைவாக ஆண்டுதோறும் மே 25ஆம் நாள் லைலாக் மலர்க்கொத்தை அணிபவரும் உண்டு. நாமும் நெடுநாள் இதையே சொல்லி வந்தோம். ஆயினும் முதற் சோதனை இடையில் வந்து நிற்கிறது. வைம்ஸின் முதுமையை முன்னைய நூல்களில் கண்டவருக்கே அவன் இளமை கண்ணீரை வரவழைக்கும். புதியவர் கையில் இதைக் கொடுப்பது, நெடுநாள் நட்பின் இறுதிக் கடிதத்தை அயலாருக்குப் படித்துக் காட்டுவதை ஒக்கும்.

‘சிறு தெய்வங்கள்’ 1992இல் வெளிவந்தது. பேரரசு ஒன்றின் பெருந்தெய்வம் மண்ணுலகுக்கு இறங்கி வருகிறது. வந்து பார்த்தால் அது சிறிய ஆமையின் உடலில் அடைபட்டிருக்கிறது. தெய்வங்களுக்கு ஆற்றல் தருவது மக்களின் நம்பிக்கை. அந்நாட்டில் கோடிக் கணக்கானோர் தொழுதாலும் அவர்கள் நம்புவது சமய மன்றத்தின் தண்டனையைத்தான். தெய்வத்தை மெய்யாக நம்புபவன் எழுத்தறியாத தோட்ட வேலைச் சிறுவன் ஒருவனே. மூன்று சோதனைகளிலும் தேறக்கூடிய நூல் இது. வேறு நூல்களைப் படித்திருக்க வேண்டுவதில்லை. ஆமை பேசும் ஒவ்வொரு சொல்லும் வேடிக்கையாகவும் கருத்தாகவும் இருக்கிறது. ஆயினும் அதன் களம் பேரரசுகளும் போர்களும் தீர்க்கதரிசிகளும் அடங்கிய பெரிய களம். படித்து வியக்கிறோம். மறுநாள் காலை நம் தெருவில் நாம் செய்யக்கூடியது என்ன என்று தேடினால் உடனே அகப்படுவதில்லை.

ஆகவே அளவில் சிறியதும், சிறுவர்க்கென்று எழுதப்பட்டதுமான ஒரு நூலிடம் வந்து சேருகிறோம். 2003இல் வெளிவந்த ‘தி வீ ஃபிரீ மென்’ என்பது அதன் பெயர். ‘விடுதலை பெற்ற குட்டி மனிதர்கள்’ என்று பொருள் கூறலாம். இதன் தலைவி டிஃபனி என்னும் 9 வயதுச் சிறுமி. சுண்ணாம்புக் குன்றுகளில் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவள். பாலாடைக்கட்டி செய்வதில் வல்லவள். ஒருநாள் ஓடைக்கரையில் நீரிலிருந்து ஓர் அரக்கி எழக் காண்கிறாள். வீட்டுக்கு ஓடிச்சென்று கதைப்புத்தகத்தைப் பார்க்கிறாள். அவ்வரக்கியின் கண்கள் சூப்புத் தட்டு அளவு இருக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. உடனே அவள் அளவுகோலை எடுத்துச் சென்று வீட்டிலுள்ள சூப்புத் தட்டு ஒன்றை அளக்கிறாள். 8 அங்குலம்! சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்து, தம்பியை மிட்டாய் காட்டி ஓடைக்கரையில் இரையாக அமர்த்தி, வாணலியோடு மறைந்திருந்து அரக்கியின் மண்டையில் ஓங்கி அடிக்கிறாள்.

படிப்பவர் சிரிக்கிறார். சில பக்கங்கள் சென்றபின் அதே அளவுகோல் மீண்டும் வருகிறது. அவ்வட்டாரத்தில் தனித்து வாழ்ந்த கிழவி ஒருத்தி இருந்தாள். பல் இல்லாதவள், தனக்குத்தானே பேசிக்கொள்பவள். பிரபுவின் மகன் காணாமற்போனபோது, கிழவி சூனியக்காரி என்றும் அவளே சிறுவனை அழித்திருப்பாள் என்றும் ஊரார் முடிவு கட்டினர். அவள் குடிசையை அழித்தனர். எவரும் அவளுக்கு இடம் தரவில்லை. பனிக்காலத்தில் கிழவி இறந்தாள். டிஃபனி மட்டும் சென்று அக்கிழவியின் அடுப்பை அளந்து பார்த்தாள். ஒரு பையனை அதனுள் வைக்க இடமே இல்லை. அதுவரை அளந்து பார்க்க வேண்டுமென்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்நூலை நாம் தேர்ந்தெடுத்த காரணம் இவ்விடத்தில் இருக்கிறது. தட்டை அளந்தபோது நம்மைச் சிரிக்க வைத்த செயலும், அடுப்பை அளந்தபோது நம்மைத் தலைகுனிய வைத்த செயலும் ஒன்றே. சொன்னதை அப்படியே நம்பாமல் அளந்து பார்க்கும் குணம் அது. சிரிப்பை நீக்கினால் கதையின் நீதியும் உடன் நீங்கிவிடும். அக்கிழவிக்கு நேர்ந்தது இனி எவர்க்கும் நேரக்கூடாது என்பதற்காகவே டிஃபனி தான் சூனியக்காரியாவது என்று உறுதி கொள்கிறாள். இந்நூலில் அச்சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. தமக்காகப் பேச முடியாதவர்க்காகப் பேசுபவள், அயலார் வீட்டுத் துன்பத்தைத் தன் பொறுப்பாகக் கொள்பவள் என்பதே அதன் பொருள். டிஃபனியின் மறைந்த பாட்டி அத்தகையவள். பழஞ்சாக்கை உடுத்து ஆடு மேய்த்த அக்கிழவிக்கு, சிறுவயதில் டிஃபனி சந்தையில் பரிசாகக் கிடைத்த பீங்கான் பொம்மை ஒன்றைக் கொடுத்தாள். பட்டாடை அணிந்த அழகிய ஆயர்மகளின் பொம்மை அது. அது பாட்டியின் மனத்தைப் புண்படுத்தியிருக்குமோ என்னும் வருத்தம் நூல் முழுவதும் பேத்தியின் உள்ளத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வேடிக்கைக்கும் குறைவில்லை. நூலின் பெயருக்குரிய குட்டி மனிதர்கள் 6 அங்குல உயரமுள்ளவர்கள். நீல நிற மேனியர். திருட்டும் சண்டையும் குடியும் அவர்கள் தொழில். தாங்கள் முன்பே இறந்து சொர்க்கத்துக்கு வந்துவிட்டதாக நம்புவதால் அவர்களுக்கு எதைக் கண்டும் அச்சமில்லை, வக்கீல்களைத் தவிர! தேவதை நாட்டு அரசி டிஃபனியின் தம்பியைக் கவர்ந்து சென்றபின், இவர்களின் துணையோடு வாணலி ஏந்தி டிஃபனி அவனை மீட்கச் செல்கிறாள். அங்கே காணாமற்போன பிரபு மகனையும் கண்டு, இருவரையும் மீட்டு வருகிறாள். ஊர் திரும்பியதும் மீட்ட பெருமை பிரபுவின் மகனுக்கே கிட்டுகிறது. டிஃபனி அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. அவளுக்கு வேலை இருக்கிறது.

இந்நூல் இங்கிலாந்துக் குன்றுகளின் கதையாயினும் நம் நாட்டு வாசகருக்கு அது வெறும் கற்பனையன்று. தனித்து வாழும் பெண்ணைச் சூனியக்காரி என்று பெயர் சூட்டித் துன்புறுத்தும் கொடுமை நம் நாட்டின் சில பகுதிகளில் உண்டு. அதைத் தடுக்கப் பீகார் 1999இலும், ஒடிசா 2013இலும், அஸ்ஸாம் 2015இலும் தனிச் சட்டங்கள் இயற்றின. பீகாரின் சட்டத்தை ஜார்கண்ட் 2001இல் மேற்கொண்டது. நோயோ மரணமோ நேர்ந்தவுடன் ஊர் ஒருத்தியைச் சுட்டுகிறது. சில இடங்களில் அவளுடைய சிறு நிலத்தின்மீது வைத்த கண்ணே அதற்குத் தூண்டுதலாகிறது. சட்டம் தண்டிக்கும். ஆனால் சட்டம் வந்து சேருமுன் அக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அடுப்பை அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்கவேண்டும். 9 வயதுச் சிறுமியால் கேட்க முடிந்த கேள்வி அது. நம்மாலும் கேட்க முடியும். மூன்றாம் சோதனையில் இந்நூல் வெற்றி பெறுவது இதனால்தான்.

ஆசிரியரின் விருப்பம் யாது என்று நேயர்கள் கேட்கலாம். தட்டு உலகத்தைச் சேராத ‘நேஷன்’ என்னும் 2008ஆம் ஆண்டு நாவலையே தம் சிறந்த படைப்பாகக் கருதுவதாக அவர் கூறியதுண்டு. ஆசிரியரின் தீர்ப்பை மதிக்கிறோம். அதற்குக் கட்டுப்பட வேண்டுவதில்லை. எழுதியவர் தாம் பட்ட பாட்டை அறிவார். நூல் தமக்குள் என்ன செய்தது என்பதைப் படித்தவர் அறிவார்.

2007ஆம் ஆண்டு இறுதியில் தமக்கு அல்ஸைமர் நோய் கண்டிருப்பதை பிராட்செட் உலகறியச் சொன்னார். நினைவையும் பார்வையின் ஒழுங்கையும் அரிக்கும் அந்நோயின் ஆராய்ச்சிக்கு மறு ஆண்டில் 10 லட்சம் டாலர் நன்கொடை அளித்தார். தட்டச்சு செய்ய இயலாமற் போனபின் வாயால் சொல்லிச் சொல்லி நூல்களை உருவாக்கினார். 2015 மார்ச் 12ஆம் நாள் மறைந்தார். அவர் இறுதியாக எழுதிய நாவல் அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் தலைவி வளர்ந்துவிட்ட நம் டிஃபனியே. முடியாது விட்ட எழுத்துகள் அடங்கிய கணினித் தட்டை அழித்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதன்படி 2017 ஆகஸ்ட் 25ஆம் நாள், டார்செட் வட்டாரத்து நீராவி இயந்திரக் கண்காட்சியில், சாலை உருளையை ஏற்றி அது நசுக்கப்பட்டது. இனித் தட்டு உலகைப் பற்றி அவர் எழுதும் புதிய நாவல் வாராது. உள்ளவற்றுள்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எமது தேர்வை ஏற்குமாறு நேயர்களை நாம் வற்புறுத்தவில்லை. இவ்வாசிரியரை இதுவரை அறியாதவர் ‘வீ ஃபிரீ மென்’ நூலிலோ ‘மோர்ட்’ நூலிலோ தொடங்கலாம். அறிந்தவர் தமக்கு உவப்பான மூன்று சோதனைகளைத் தாமே வகுத்துக்கொண்டு, தம் நூலை அவற்றில் நிறுத்திப் பார்க்கட்டும். பலர் சொல்லும் பெயரைத் தாமும் சொல்வது எளிது. அதையும் ஒரு முறை அளந்து பார்ப்பதுதான் டிஃபனியின் வழி.